ஆய்வு மாணவருக்கு வணிகச் சான்றிதழ்: சேரும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை, பிற துறைகளின் முதுநிலை, ஆய்வு மாணவர்களுக்காக ‘வணிக அடிப்படைகள்’ என்ற சான்றிதழ் படிப்பை நடத்துகிறது. 4 பாடங்கள், 12 கிரெடிட், 2 செமஸ்டர். பட்டம் முடிந்ததும் ஏதாவது நிறுவனத்தில் சேர்வேனா, ஆய்வகத்தில் நாங்கள் உருவாக்கிய பரிசோதனைக் கிட்டை வைத்துச் சொந்தமாகத் தொடங்குவேனா என்று முடிவு செய்யவில்லை. என் நெறியாளர் இதை நேர விரயம் என்கிறார். சேரலாமா? பேசாமல் பின்னால் எம்.பி.ஏ. படித்துக்கொள்வது மேலா? வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் என் தோழிக்கும் ஆர்வம் இருக்கிறது. ஆனால் கணக்கு என்றாலே பயப்படுகிறார்.

பதில்: பாடத்திட்டத்தில் கணக்கியலும் நிதியும் இருந்து, இரண்டிலும் உங்களையே உட்கார்ந்து கணக்குப் போட வைத்தால், தாராளமாகச் சேருங்கள். இல்லையென்றால் உங்கள் நெறியாளர் சொல்வதுதான் சரி.

‘வணிக அடிப்படைகள்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் நடக்கின்றன. ஒன்று, எம்.பி.ஏ. முதலாண்டின் எலும்புக்கூடு: நிதிக் கணக்கியல், நிறுவன நிதி, சந்தைப்படுத்தல், செயல்முறை மேலாண்மை அல்லது நிறுவன நடத்தை. இன்னொன்று, தலைமைப் பண்பு, புதுமைச் சிந்தனை, தொழில்முனைவு மனப்பான்மை என்று தலைப்புகள் வைத்து, வாரம் ஒரு விருந்தினரை அழைத்துப் பேச வைப்பது. இரண்டாவது கேட்க நன்றாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டை உங்கள் முன் வைத்தால் மட்டும் திருதிருவென்று விழிப்பீர்கள்.

இந்த வித்தியாசம் விளம்பரப் பக்கத்தில் தெரியாது. பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வாராவாரம் கணக்குகள், இடைத்தேர்வு, இறுதித்தேர்வு என்றிருந்தால் முதல் வகை. வகுப்பில் பங்கேற்பும் குழு விளக்கக்காட்சியும் சேர்ந்தே பெரும்பகுதி மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டால் இரண்டாம் வகை. ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவெளியில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2014-இல் இணையவழியில் தொடங்கிய ‘கோர்’ படிப்பில் மூன்றே பாடங்கள்: வணிகப் பகுப்பாய்வு, மேலாளர்களுக்கான பொருளியல், நிதிக் கணக்கியல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி, கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் நடத்தும் வணிக அடித்தளப் படிப்பில் சந்தைப்படுத்தல், கணக்கியல், நிதி, செயல்முறை, மனிதவளம். இரண்டிலும் பொதுவாக இருப்பது கணக்கியல். உங்கள் படிப்பில் அது இல்லையென்றால் பெயரில் மட்டுமே அடிப்படை இருக்கிறது.

கணக்கியல் ஏன் அவ்வளவு முக்கியம்? அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடத்தைக் காட்டினால் புரியும். உங்கள் கிட்டையே எடுத்துக்கொள்வோம். எண்கள் வெறும் உதாரணம். ஒரு கிட்டின் விலை 500. மூலப்பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து 300. வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு மாதம் 40,000. ஒரு கிட் விற்றால் 200 மிஞ்சுகிறது. இதைத்தான் பங்களிப்பு என்பார்கள். 40,000-ஐ 200-ஆல் வகுத்தால் 200 கிட். அதுவே பிரேக் ஈவன், அதாவது லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் அளவு. மாதம் 300 கிட் விற்றால் 20,000 லாபம். இதுவரை எந்த மாணவருக்கும் சிக்கல் இல்லை.

இப்போது ஒரே ஒரு நிபந்தனையைச் சேருங்கள். வாங்கும் மருத்துவமனைகள் பணத்தை இரண்டு மாதம் கழித்துத்தான் தரும். மூலப்பொருள் கொடுப்பவருக்கோ உடனே கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மாதமும் தலா 1,30,000 வெளியே போகிறது, உள்ளே எதுவும் வரவில்லை. வங்கிக் கணக்கு 2,60,000 கீழே போய்விட்டது. மூன்றாம் மாதம் நல்ல செய்தி: விற்பனை இரட்டிப்பாகி 600 கிட். செலவு 2,20,000. வரவோ முதல் மாதம் விற்ற 300 கிட்டுக்கான 1,50,000 மட்டும். மறுபடி 70,000 பள்ளம். நான்காம் மாதமும் அதே 70,000. ஆக மொத்தம் 4,00,000 பற்றாக்குறை. லாப நட்டக் கணக்கைப் பார்த்தால் அந்த நான்கு மாதத்தில் 20, 20, 80, 80 ஆயிரமாக 2,00,000 லாபம்!

இரண்டு எண்களும் சரிதான். வித்தியாசம் 6,00,000, அதுதான் கடைசி இரண்டு மாத விற்பனையில் வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி. லாபம் 2,00,000 = பாக்கி 6,00,000 கழித்தல் வங்கியில் குறைந்த 4,00,000. லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், பணம் வந்துபோனதைக் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கை மூன்றும் இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும். விற்பனை கூடக் கூடப் பள்ளம் ஆழமாவதையும் கவனியுங்கள். லாபத்தில் நடக்கும் நிறுவனம் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் மூடப்படுவது இந்த வழியில்தான். நல்ல கணக்கியல் பாடம் உங்களுக்குத் தர வேண்டியது இந்தக் கோவையை நீங்களே கட்டிப் பார்க்கும் பழக்கம். தேய்மானமும் இதே குடும்பம்தான். 1,20,000 கொடுத்து வாங்கிய இயந்திரத்தை 5 ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 24,000 என்று செலவெழுதுவார்கள். பணம் என்னவோ முதல் நாளே போய்விட்டது.

பற்று, வரவு என்ற இரு பக்கப் பதிவில்தான் பலர் முதல் மாதமே சோர்ந்துபோகிறார்கள். பற்று என்றால் கெட்டது, வரவு என்றால் நல்லது என்று மனம் தானாக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது. சொத்தோ செலவோ கூடினால் பற்று. கடனோ முதலீட்டாளர் பங்கோ வருமானமோ கூடினால் வரவு. இதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு 30, 40 பதிவுகளைக் கையால் எழுதினால் தெளிந்துவிடும். 1494-இல் இத்தாலியக் கணிதவியலாளர் லூக்கா பச்சோலி அச்சில் விளக்கியபோது இருந்த அதே முறைதான் இன்றைய மென்பொருளுக்குள்ளும் ஓடுகிறது. வீடியோ பார்த்து மட்டும் இது கைவராது.

எனவே வரிசையும் முக்கியம். முதல் செமஸ்டரில் கணக்கியல், அடுத்ததில் நிதி. நேரம் ஒத்துவருகிறது என்பதற்காக இதை மாற்றிப் போடாதீர்கள். நிதிப் பாடம், கேஷ் ஃப்ளோ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்கும்.

நிதிப் பாடத்தின் உயிர் ஒரே கருத்தில் இருக்கிறது: நாளை வரும் 100, இன்றைய 100 ஆகாது. இன்று 1,000 போட்டால், அடுத்த மூன்று ஆண்டும் ஆண்டு முடிவில் தலா 400 வரும் என்று ஒரு திட்டம். கூட்டினால் 1,200, ஆக 200 லாபம் என்றுதான் தோன்றும். காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 சதவீதம் கழிவு வைத்து, அதாவது 1.1-ஆல் வகுத்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 363.64, 330.58, 300.53. கூட்டினால் 994.74 மட்டுமே. போட்ட 1,000-ஐக் கழித்தால் வரும் நிகர இன்றைய மதிப்பு சுமார் −5. அந்தப் பணத்துக்கு வேறெங்கோ 10 சதவீதம் கிடைக்குமானால் இந்தத் திட்டம் வேண்டாம்.

இதை எக்செல்லில் போடும்போது பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. அதிலுள்ள என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு) சூத்திரம், கொடுக்கும் முதல் தொகையே ஓராண்டு கழித்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். இன்று போடும் 1,000-ஐயும் சூத்திரத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டால் அதுவும் ஓராண்டு கழிவுக்கு உட்பட்டு, விடை −5.26-க்குப் பதிலாக −4.78 என்று வரும். முதல் முதலீட்டைச் சூத்திரத்துக்கு வெளியே வைத்துக் கழிக்க வேண்டும். இந்த உதாரணத்தில் வித்தியாசம் சிறிது. பெரிய திட்டத்தில் நேர்காணல் அறையிலேயே மானம் போய்விடும்.

ஆய்வாளர்களுக்கென்றே நிதிப் பாடம் வைத்திருக்கும் இன்னொரு கசப்பு மருந்து, திரும்ப வராத செலவு. மூன்று ஆண்டு உழைத்த முறை, வாங்கிப்போட்ட கருவி இவற்றைக் காரணம் காட்டி ஒரு பாதையைத் தொடர்வது ஆய்வகத்தில் சகஜம். போட்டது போட்டதுதான், இனிப் போகும் செலவையும் இனி வரும் பலனையும் மட்டுமே பார்க்க வேண்டும் என்று நிதி சொல்லும். சூத்திரம் எதுவும் இல்லாத இந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆகிறது.

செயல்முறை மேலாண்மை உங்களைப் போன்றவர்களுக்கு எளிதாக வரும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்று போதும், ஆய்வகத்தையே வேறு கண்ணால் பார்ப்பீர்கள்: வரிசையில் இருக்கும் எண்ணிக்கை = வரும் வேகம் × தங்கும் நேரம். நாளுக்கு 5 மாதிரிகள் வந்து, எப்போதும் சராசரியாக 30 மாதிரிகள் தேங்கியிருந்தால், ஒரு மாதிரி முடிய 6 நாள். அதோடு, கருவியை முழுநேரமும் ஓட்டினால்தான் சிக்கனம் என்ற நினைப்பும் அடிபடும். வேலை தாறுமாறான இடைவெளிகளில் வந்து சேர்ந்து, ஒவ்வொன்றும் முடியும் நேரமும் அப்படியே மாறும் எளிய வரிசைக் கணக்கில், கருவி 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் சராசரியாக 4 மாதிரிகள் தேங்கும். 90 சதவீதத்தில் 9. 95 சதவீதத்தில் 19. அந்தக் கடைசி 5 சதவீதத்துக்குக் கொடுக்கும் விலை அவ்வளவு.

சந்தைப்படுத்தலை ‘விளம்பரம்தானே’ என்று இளக்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறிவியல் மாணவர்கள் குறைந்த மதிப்பெண் வாங்குவது பெரும்பாலும் இதில்தான். “உலகச் சந்தை இவ்வளவு பெரியது, அதில் ஒரு சதவீதம் பிடித்தாலே போதும்” என்று எழுதும் அறிக்கை எந்த ஆசிரியரிடமும் தேறாது. அந்த ஒரு சதவீதம் யார், யாரிடம் இப்போது வாங்குகிறார்கள், ஏன் மாற வேண்டும் என்று கீழிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். வாடிக்கையாளரிடம் கேட்கும் விதமும் அப்படித்தான். “இப்படி ஒரு கிட் வந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டால் மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். “கடைசியாக இந்தப் பரிசோதனையை எப்போது செய்தீர்கள், எவ்வளவு நேரமானது, யார் பணம் கட்டினார்கள்?” என்று நடந்ததைக் கேளுங்கள். பயன்படுத்துபவர் ஒருவர், வாங்க முடிவெடுப்பவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர் என்பது மருத்துவத் துறையில் சாதாரணம். விலையையும் செலவோடு இத்தனை சதவீதம் என்று கூட்டி வைக்காமல், வாங்குபவருக்கு மிச்சமாகும் நேரத்தையும் பணத்தையும் கணக்கிட்டு வைக்கப் பழகுங்கள்.

நான்காவது பாடத்துக்குத் தேர்வு இருந்தால் பேச்சுவார்த்தைப் பயிற்சியை எடுங்கள். உடன்பாடு ஏற்படாவிட்டால் உங்கள் கையில் இருக்கும் அடுத்த சிறந்த வழி என்ன என்று எழுதிவைத்துக்கொண்டு பேசப் போகும் பழக்கம், முதல் வேலையின் சம்பளத்திலேயே பலன் தரும். வணிகப் புள்ளியியல் கட்டாயம் என்றால் விலக்குக் கேளுங்கள். உங்கள் துறையில் அதைவிடக் கடினமான புள்ளியியலைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். பல இடங்களில் அந்த கிரெடிட்டுக்கு வேறு பாடம் எடுக்க விடுவார்கள்.

உங்கள் தோழிக்கு: இங்கே தேவைப்படும் கணக்கு கூட்டல், கழித்தல், விகிதம், சதவீதம், கூட்டு வட்டி, அவ்வளவே. கால்குலஸ் கிடையாது. அவர் பயப்பட வேண்டியது கணக்குக்கு அல்ல, எக்செல்லுக்கு. வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு செல்லில் இருந்து இன்னொன்றைச் சுட்டுவது, டாலர் குறி போட்டு செல்லை நிலைநிறுத்துவது, எண்ணைச் சூத்திரத்துக்குள் புதைக்காமல் தனிச் செல்லில் வைப்பது, இந்த மூன்றையும் கைப்பழக்கமாக்கிக்கொள்ளட்டும். ஒரு நிறுவனத்தின் சிக்கலைப் படித்து முடிவெடுக்கும் கேஸ் வகுப்பிலோ அவர் உங்களை முந்திவிடுவார். அரைகுறைத் தகவல்களும் முரண்பட்ட சாட்சிகளும் கொண்ட ஆவணத்தைப் படித்து ஒரு நிலைப்பாடு எடுப்பது வரலாற்று மாணவரின் அன்றாட வேலை. ஆய்வகத்தில் இருந்து வருபவர்தான் ‘இன்னும் தரவு வேண்டும்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார். கேஸில் அதற்கு மதிப்பெண் இல்லை. இருப்பதை வைத்து முடிவு சொல்லி, எந்த அனுமானம் பொய்த்தால் முடிவு மாறும் என்று எழுத வேண்டும்.

இனி நேரம். உங்கள் நெறியாளரின் கவலை நியாயமானது. கிரெடிட் ஒன்றுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வெளியே இரண்டு மணி நேர உழைப்பு என்பது பரவலான கணக்கு. 3 கிரெடிட் பாடம் என்றால் வாரம் 9 மணி நேரம். 12 கிரெடிட்டை 2 செமஸ்டரில் முடிக்க வேண்டுமானால் வாரம் 18 மணி நேரம், ஏறக்குறைய அரைநேர வேலை. ஆய்வின் நடுவில் இது கட்டுப்படியாகாது. செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று 4 செமஸ்டருக்கு நீட்டிக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கணக்கியலை மட்டும் தனிப்பாடமாக எடுத்துப் பாருங்கள். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டாலும் உருப்படியான பாடத்தைப் படித்து முடித்திருப்பீர்கள். சோதனைகள் நெருக்கமாக ஓடும் பருவத்தையும் ஆய்வேடு எழுதும் கடைசி ஆண்டையும் தவிர்த்துவிடுங்கள். நெறியாளரிடம் “சேரட்டுமா?” என்று பொதுவாகக் கேட்டால் ‘வேண்டாம்’ என்ற பதில்தான் வரும். எந்த நாள், எத்தனை மணி, அந்தப் பருவத்தில் எந்தச் சோதனை எப்போது முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பணம் கட்டும் முன் அலுவலகத்தில் எழுத்துமூலம் பதில் வாங்க வேண்டியவையும் உண்டு. உங்களுக்குள்ள கட்டண விலக்கு வேறு துறைப் பாடத்துக்கும் செல்லுமா? உதவித்தொகையின் நிபந்தனை கூடுதல் படிப்பை அனுமதிக்கிறதா? இந்த மதிப்பெண் உங்கள் முனைவர் பட்ட மதிப்பெண் பட்டியலில் ஏறுமா, சராசரியைப் பாதிக்குமா? பாதியில் விட்டால் முடித்த பாடங்களுக்காவது கிரெடிட் நிற்குமா? வாய்மொழி உறுதி போதாது. ஒருங்கிணைப்பாளர் மாறினால் அதுவும் கூடவே போய்விடும்.

எம்.பி.ஏ.வோடு ஒப்பிடுவது பொருந்தாது. முழுநேர எம்.பி.ஏ. பல இடங்களில் இரண்டு ஆண்டு, 60 கிரெடிட்டை ஒட்டி வரும். உங்கள் சான்றிதழ் அதில் ஐந்தில் ஒரு பங்கு. துறையையே மாற்றி மேலாளர் வேலைக்குப் போவதாக இருந்தால், வளாக நேர்காணலும் பழைய மாணவர் தொடர்பும் சேர்ந்து கிடைக்கும் எம்.பி.ஏ.வுக்கு அர்த்தம் உண்டு. அதையும் சில ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படித்தால்தான் வகுப்பில் சொல்வது உறைக்கும். உங்கள் துறை அறிவோடேயே நிறுவனத்துக்குள் போகப் போகிறீர்கள் என்றால் சான்றிதழ் போதும். பெரிய மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள் முனைவர் பட்டதாரிகளைத் தனி வழியில் எடுத்து, வணிக அடிப்படைகளைத் தாங்களே சொல்லிக்கொடுக்கின்றன. அவர்கள் தேர்வு செய்வது கேஸ் நேர்காணலை வைத்து. அந்த வழியில் போக நினைத்தால் சான்றிதழுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கேஸ் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

சொந்தமாகத் தொடங்கும் எண்ணம் துளியாவது இருந்தால், இந்தச் சான்றிதழ் பெரும்பாலும் தொடாத ஒரு விஷயத்தை இப்போதே கவனியுங்கள். ஆய்வகத்தில் உருவான கிட்டின் உரிமை உங்களுடையதாக இல்லாமல் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சேர்ந்தபோது கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பாருங்கள். கண்டுபிடிப்பைக் கட்டுரையாகவோ மாநாட்டுச் சுவரொட்டியாகவோ வெளியிட்டுவிட்டால் பல நாடுகளில் அதன்பிறகு காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி மற்ற நாடுகளை இழக்கக் கூடாது. ஆகவே அடுத்த மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் முன் தொழில்நுட்ப உரிம அலுவலகத்தில் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். இது சான்றிதழைவிட அவசரம்.

தன்விவரத்தில் சான்றிதழுக்குக் கல்விப் பகுதியில் ஒரு வரி போதும், பாடங்களின் பெயரோடு. அந்த ஒரு வரியைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். அதனால் இறுதித் திட்டப்பணி வரும்போது ஆசிரியர் கொடுக்கும் பொதுத் தலைப்பை விட்டுவிட்டு, உங்கள் கிட்டுக்கே மூன்றாண்டுக் கணக்கைப் போட அனுமதி கேளுங்கள்: மாதவாரியாக விற்பனை, பாக்கி, கையிருப்பு, பணம் எந்த மாதத்தில் எவ்வளவு ஆழத்துக்குப் போகும் என்பது வரை. குழுப்பணியாக இருந்தால் வேறு துறையில் இருந்து இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு உயிர்வேதியியல் மாணவர்கள் சேர்ந்தால் 20 பக்கம் அறிவியலும் 2 பக்கம் வணிகமும்தான் வரும். நேர்காணலில் “வணிகம் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்டால், அந்த எக்செல் தாளில் விற்பனையை இரட்டிப்பாக்கினால் எந்த மாதம் பணம் தீர்கிறது என்பதில் இருந்து தொடங்குங்கள்.